ரொட்டி அங்கிளோட ஹார்னும் என் வயித்தெரிச்சலும்

போன்... போன்...

அந்தச் சத்தம் கேட்டாலே, தேங்காப்பால் ஜாம் வெச்ச காயா ரொட்டி வாசமும் மோட்டார் புகையும் சேர்ந்து மூக்குல ஏறும். மலாக்கா பக்கம் எங்க தங்கா பத்துவுல கடல் காத்து வேற... சொல்லவா வேணும். காலையில பத்து மணிக்கு ரொட்டி அங்கிள் எங்க பாலர் பள்ளி கேட்டுக்கிட்ட மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்ல மாட்டியிருக்கிற ரப்பர் ஹார்னை அமுக்குவாரு.

அந்த மனுசன் மேல எனக்கு இருந்த பொறாமை இருக்கே... இன்னிக்கு நெனச்சாலும் கொஞ்சம் எரியத்தான் செய்யுது.

பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் முடிச்ச கையோட கெடச்ச முதல் வேலை. ஒரு கார்னர் வீட்டுல நடந்த சின்ன பாலர் பள்ளி. எழுத்தெல்லாம் பெரிய டீச்சர் சொல்லிக் கொடுப்பாங்க, பாட்டும் ஆட்டமும் என் பொறுப்பு. டைம்டேபிள்ல 'மியூசிக் அண்ட் மூவ்மெண்ட்'னு பேரு மட்டும் பெருசு. கையில இருந்தது ஒரே ஒரு தம்புரின். அதுலயும் பாதி தகடு கழண்டு போச்சு. பால் டின்ல பச்சைப்பயிறு போட்டு டேப் ஒட்டி, ஷேக்கர் நானே செஞ்சேன்.

நான் தட்டினா பிள்ளைங்க யானை மாதிரி நடக்கும், தவளை மாதிரி தாவும். நிறுத்தினா அப்படியே செலையா நிக்கும். எனக்குத் தலைகால் புரியாது.

தர்வின் மட்டும் ஆட மாட்டான்.

நாலு வயசு. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அழ மாட்டான், எல்லாரையும் பாத்து சிரிப்பான், ஆனா கால் மட்டும் தரையோட ஒட்டிக்கும். அவன் அம்மாவுக்கு குருபோங்ல ஃபேக்டரி வேலை. மத்தியானம் ஷிஃப்டுக்குப் போற யூனிஃபார்மோடயே அவனைக் கூட்டிட்டுப் போக வருவாங்க. தினமும் ஒரே கேள்விதான்.

"டீச்சர், இன்னிக்காச்சும் ஆடினானா?"

ஆண்டு இறுதி கான்சர்ட்டுக்குள்ள இவனை ஆட வெச்சே தீரணும்னு எனக்கு ஒரு வெறி. அதுவும் என் தம்புரினுக்குத்தான் ஆடணும்.

முட்டி போட்டுப் பாடினேன். கலர் துணியை வீசிக் காட்டினேன். அவனை என் கால் மேல ஏத்தி ரூம் முழுக்க நடந்தேன். சிரிச்சான். எறக்கி விட்டா நேரா ஜன்னல் கம்பிக்கே போயிடுவான்.

அப்புறம் ஒரு நாள்...

போன்... போன்...

முட்டி மெதுவா மடங்குது. இடுப்பு அசையுது. கம்பியை விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டான். தர்வின் ஆடறான்!

பெரிய டீச்சர் கை தட்டறாங்க. பிள்ளைங்க கத்துது. எனக்குக் காதுல புகை. மாசக்கணக்கா தொண்டை கிழியப் பாடினது நான். இவரு ஒரு அமுக்கு அமுக்கினா இவன் ஆடிடுவானா?

அங்கிள் கேட்டுக்கு வெளிய நின்னு சிரிக்கிறாரு. "நல்லா ஆடறானேம்மா! நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

நான் ஒரு காயா ரொட்டியை வாங்கிட்டு உள்ள போயிட்டேன்.

சும்மா விடுவேனா? மலாக்கா டவுனுக்குப் போய், பழைய சைக்கிள் கடையில அதே மாதிரி ஒரு ஹார்ன் வாங்கிட்டு வந்தேன். மறுநாள் கிளாஸ்ல எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு, பெருமையா அமுக்கினேன்.

அவ்ளோதான். வட்டம் காலி. மொத்தக் கூட்டமும் கேட்டுக்கு ஓடிருச்சு. அங்க ரொட்டியும் இல்ல, மோட்டாரும் இல்ல. ரெண்டு பிள்ளைங்க விக்கி விக்கி அழுவுது. தர்வின் ஆடவே இல்ல. எனக்குப் பின்னால எட்டிப் பாத்துட்டு, "டீச்சர், அங்கிள் எங்க?"ன்னு கேட்டான்.

பெரிய டீச்சர் சிரிப்பை அடக்கிக்கிட்டு சொன்னாங்க, "பேசாம அவரையே கான்சர்ட்டுக்குக் கூப்புடு லா."

நானே போய் கேக்க வேண்டியதாப் போச்சு. "நானா? மேடைக்கா? நான் ரொட்டி விக்கிறவன்மா"ன்னு கூச்சப்பட்டாரு. ஆனா வந்தாரு. பூப்போட்ட பாத்தேக் சட்டை, படிய வாரின தலை, மோட்டார்ல இருந்து கழட்டித் தொடைச்ச ஹார்ன். முன் வரிசையில உக்காந்து அமுக்கினாரு. தர்வின் மேடையில ஆடினான் பாருங்க... மண்டபமே எழுந்து கை தட்டுச்சு.

அவன் அம்மா ஓடி வந்து அங்கிள் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. சிரிக்கிறாங்க, ஆனா கண்ணுல தண்ணி. "எங்கிட்ட ஒரு நாளும் இப்படி ஆடினதில்ல, அங்கிள்."

நான் திரை ஓரத்துல தம்புரினோட நின்னேன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. வயிறு அப்படி எரிஞ்சுது.

இதெல்லாம் பழைய கதை. இப்ப என் மகளுக்கு நாலு வயசு.

சனிக்கிழமை ஆனா குருபோங்ல ஒரு கடை மாடியில மியூசிக் அண்ட் மூவ்மெண்ட் கிளாஸ். ஏர்கோன், சுவர் முழுக்க கண்ணாடி, பஞ்சு மாதிரி பாய், பிள்ளைக்கு ஒரு குட்டி ட்ரம். நாங்க அப்போ ஒரு தம்புரினுக்கு அடிச்சுக்கிட்டோம். இங்க பெத்தவங்க வெளிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காரணும்.

வீட்டுல நான் பாடினா காதைப் பொத்திக்கிற பிள்ளை, அங்க பம்பரமா சுத்துது. அந்த டீச்சர் குனிஞ்சு கையை நீட்டினா போதும், ஓடிப் போய் கழுத்தைக் கட்டிக்குது. நல்ல பொண்ணுதான் அந்த டீச்சர். எனக்குத்தான் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது.

போன வாரம் அந்தக் கண்ணாடிகிட்ட நிக்கிறப்பதான் தர்வின் அம்மா ஞாபகம் வந்தாங்க. அன்னிக்கு அந்த மண்டபத்துல எரிஞ்சது என் வயிறு மட்டும்தான்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். எனக்கு முன்னாடியே அவங்க இந்த வயித்தெரிச்சல் வரிசையில நின்னிருக்காங்க. தினமும் யூனிஃபார்மோட வந்து, எங்கிட்டயே கேட்டிருக்காங்க.

வீட்டுக்கு வந்து, அன்னிக்கு நான் வாங்கின அந்த ஹார்னைத் தேடி எடுத்தேன். ரப்பர் வெடிச்சுப் போச்சு. மக முன்னால உக்காந்து அமுக்கினேன். சத்தம் வரல... காத்துதான் வருது.

 அவ என் கன்னத்தைத் தொட்டு, ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னா.

"பரவால்லம்மா... எங்க டீச்சர்கிட்ட ட்ரம் இருக்கு."