ரியாசு ஏற்ற மறுத்த பச்சை விளக்கு

தொண்டிப் பெருமக்களே! ரியாசின் தோழர்களே!

சென்ற வெள்ளி காலை, பரமக்குடிப் பேருந்தில் இருந்தேன். ரியாசின் மைத்துனர் அழைத்தார். "அண்ணே, நம்ம மச்சான்..." என்றதும் தொடர்பு அறுந்தது. மீண்டும் ஒலித்தபோது, "மௌத்தாயிட்டாருண்ணே, மாரடைப்பு" என்றார். ரியாசு மறைந்த அதிர்ச்சியில், இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனதை நான் அறியவில்லை.

கணினியும் கருவியும் தம்முள் பேசிக்கொள்ள உதவும் இயக்கி மென்பொருளை எழுதியவர் ரியாசு. மீனவர் சங்கத்தில் புயல் எச்சரிக்கை ஒலிக்கும் பெட்டிக்கும் அவரே எழுதினார். செய்தி வரும் கம்பி இணைந்திருந்தால் பச்சை விளக்கு, கழன்றால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் சங்கத்தார் தொலைபேசியில் கேட்டறிந்து படகுகளுக்குச் சொல்ல வேண்டும்.

பெட்டியோடு வந்த மென்பொருள், அதை முடுக்கியதும் பச்சையை ஏற்றிவிடும். அதன்பின் கம்பியைத் திரும்பியும் பாராது. அதை மாற்றியவர் ரியாசு. "பெட்டி ஓடுறது வேற, கம்பியில உசிரு இருக்கிறது வேறண்ணே. கம்பியக் கேட்டுக் கேட்டுத்தான் சொல்லணும்" என்பார்.

பெட்டியின் திறப்பு விழா. பந்தல் நிறையக் கூட்டம், முழங்குவதற்கு நான். விளக்கோ சிவப்பு!

சங்கத் தலைவர் பதறினார். "நேத்துப் பச்சையாத்தான எரிஞ்சுச்சு? விழா முடியிற மட்டும் சும்மா பச்சையப் போட்டு விடுப்பா."

"மாட்டேன் மாமா. பச்சைன்னா இங்கன ஒருத்தரும் போன் போட்டுக் கேக்க மாட்டீக. கடல்ல இருக்கவுக கதி?" என்றார் ரியாசு.

நான் சினந்தேன். "ஒரு விளக்குக்காக விழாவையே நிறுத்துவதா?"

"நிறுத்த வேணாம்ணே. செவப்பு விளக்கப் பத்தியே பேசுங்க. உங்களுக்கா பேசத் தெரியாது?"

முன்வரிசை சிரித்தது. அவர் கம்பியைத் தடவியபடியே பந்தலின் பின்புறம் நடந்தார். சிறிது நேரத்தில் குரல் வந்தது: "அண்ணே, இங்கன வாங்க!"

அங்கே என்னை வரவேற்கும் பதாகை. அதன் கயிற்றைத் தொண்டர்கள் இணைப்புக் கம்பியிலேயே முடிந்திருந்தார்கள். கடற்காற்றில் என் முகம் புடைத்துப் புடைத்து இழுக்க, கம்பி கழன்று தொங்கியது.

"நீங்கதாண்ணே இழுத்துப்புட்டீக!"

பதாகையை நானே அவிழ்த்தேன். அவர் கம்பியைச் செருகினார், பச்சை எரிந்தது. உடனே பெட்டி பேசியது: மாலையில் சூறைக்காற்று, படகுகள் கரை திரும்புக. சங்கத்தார் படகுகளை அழைக்க ஓடினார்கள். அன்று முழங்கியது பெட்டி. பொழுது சாய்வதற்குள் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது. ஒலிவாங்கியின் முன் நின்றதும் கடைசி வரிசையைக் கேட்கிறேன்: "கேட்கிறதா?" ஒரு கை உயரும்வரை தொடங்குவதில்லை. பேச்சின் நடுவிலும் கேட்கிறேன். கை உயராவிட்டால் பேச்சை நிறுத்துகிறேன். என் பதாகையை எதில் கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்க்கிறேன்.