கார்டு அவர் பேரில், வாந்தி என் பேரில்

இன்று கண் ஆஸ்பத்திரி கவுண்டரில்...

என் மகளின் இன்சூரன்ஸில்தான் எனக்கு ஆபரேஷனும் மருந்தும்.

பில் போடும் பெண் மகளைப் பார்த்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும் மேடம்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. (ஒரு கண்ணில் கட்டு வேறு!)

ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல்லில் நூல் மில் வேலை. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் கார்டைக் காட்டினால் மருந்து இலவசம். ஆனால் அப்போது தொழிலாளிக்கு மட்டும்தான், பெண்டாட்டிக்குக் கிடையாது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரே வாந்தி. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. வெளி டாக்டரிடம் போக வசதியில்லை. பிழைப்பேனா என்றே பயந்துபோனேன்.

வீட்டுக்காரர் சொன்னார், "நீ பேசாம வா புள்ள. எனக்குன்னு சொல்லி வாங்கிருவோம்."

(மில்லில் பாதிப் பேர் இப்படித்தான். கார்டு ஒருவருக்கு, மருந்து குடும்பத்துக்கு.)

மிக்சர் என்கிற தண்ணி மருந்துக்கு பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கழுவி எடுத்துக்கொண்டு போனோம். நான் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"என்னப்பா செய்யுது?"

"காலைல எந்திரிச்சா வாந்தி டாக்டரய்யா. தலை கிறுகிறுன்னு வருது. கொழம்பு தாளிக்கிற வாசமே ஆகல."

"ஓஹோ. அப்புறம்?"

"நத்தத்து மாங்கா கெடச்சா உப்பு வச்சுத் திங்கலாம்போல இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கல்யாணமாயி எத்தன வருசம்?"

"ஆறு வருசம்யா."

"புள்ளைக?"

"இல்லய்யா. கோயில் கோயிலாப் போயி ஓஞ்சுட்டோம்."

"சரி, இந்த வாந்திக்குச் சொந்தக்காரி வெளிய இருந்தா உள்ள வரச் சொல்லு."

உள்ளே போனேன். கார்டைப் பிடுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பரிசோதித்துவிட்டுச் சிரித்தார்.

"இது வியாதி இல்லம்மா. புள்ள."

ஆறு வருட ஏக்கத்தில் அப்படி ஒன்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்ப மருந்து டாக்டரய்யா?" என்று பாட்டிலை நீட்டினார்.

"ஒன் கார்டுல மாங்கா எழுத முடியாதுப்பா. நீயே வாங்கிக் குடு."

இப்போது கவுண்டருக்கு வருவோம். மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்த வாந்தி இவதாம்மா."