ஹுமாயூன் எழுதாத சொல்

இராஜபாளையம் மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டே பாட்டுக் கட்டுகிறவன் ஹுமாயூன். கட்டிய பாட்டைப் பாட அவனுக்குத் தொண்டை இல்லை. தேவதானத்தில் வயல் வேலை பார்க்கும் அவன் சிநேகிதன் சோலைராஜுக்குத் தொண்டை இருந்தது. வேறெதுவும் பெரிதாக இல்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் ஊரார் பாட்டைக் கேட்டுவிட்டு அவன் கையைத்தான் பிடிப்பார்கள். பக்கத்திலேயே நிற்கும் ஹுமாயூனிடம், "நீங்க அவருகூட வந்தவியளா?" என்பார்கள். வயிறு எரியுமா எரியாதா?

எண்பத்தெட்டில் இருவரும் நாட்டுப்பாட்டுக் கேசட் ஒன்று போடத் துணிந்தார்கள். எட்டுப் பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தனுஷ்கோடி என்பவர் ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்தார். கோயில் மணி அடித்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அட்டையில் தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று ஹுமாயூன் முன்கூட்டியே சொல்லிவைத்தான். சோலைராஜ், "பெருசாவே போடுங்கண்ணே," என்றான். அந்தப் பெருந்தன்மையும் ஹுமாயூனுக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது பாட்டில்தான் வினை வந்தது. வேலைக்கு வெளியூர் போகிற புருஷனை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திப் பெண்டாட்டி பாடும் பாட்டு. "சற்று நேரம் நில்லு மாமா" என்று எழுதியிருந்தான். சோலைராஜ் கண்ணை மூடிக்கொண்டு, "செத்த நேரம் நில்லு மாமா" என்று இழுத்தான். உறுமிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தனுஷ்கோடி டீயைக் கையில் வைத்தபடி குடிக்க மறந்தார்.

"ஏலே, நிறுத்து! சற்று நேரம்னுல்ல எழுதியிருக்கேன். செத்தன்னா பொணம்னு அர்த்தமாயிராது?"

"வாயில அப்படி வந்துட்டுலே. திருப்பிப் பாடுதேன்," என்றான் சோலைராஜ். எழுதியபடியே, பிசகில்லாமல் பாடினான். இந்தத் தடவை யாரும் நிமிரவில்லை.

"ரெண்டும் இருக்கு. எதை வைக்க?" என்றார் தனுஷ்கோடி.

ஹுமாயூனுக்குத் தொண்டைதான் இல்லை, காது இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதல்ல பாடுனதையே வைங்க," என்றான்.

கேசட் வந்த அன்று சோலைராஜும் ஹுமாயூன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் புருஷன் எழுத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாதவள் நூர்பானு. ஐந்தாவது பாட்டு ஓடும்போது அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இம்புட்டு நாளும் ஒங்க பாட்டு எனக்கு ஒட்டவே இல்ல. இதுல 'செத்த நேரம்'னு எழுதுனீகளே, நீங்க வேலைக்குக் கெளம்புறப்பல்லாம் நான் நெனைச்சும் சொல்லாம விட்ட சொல்லு அது."

ஹுமாயூன் சோலைராஜைப் பார்த்தான். சோலைராஜ் சிரித்தபடி, "அவன் எழுத்துன்னா சும்மாவா, தங்கச்சி," என்றான்.

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஹுமாயூன், "ஆமா, அது தானா வந்துச்சு," என்றான்.

அதன் பிறகும் இருவரும் நிறையப் பாட்டுப் போட்டார்கள், ஒரே சைக்கிளில் போனார்கள். ஆனால் தன் வாயில் வந்த சொல்லுக்குக் கிடைத்த அந்த ஒரு பாராட்டைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்த சிநேகிதனை ஹுமாயூன் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.