அரைக் கட்டை இறக்கும் முழங்கால்

கீபோர்டுக்கு யார் யாரோ என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறார்கள். போனில் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வாசிக்கிறார். ஊதுகிற அளவுக்குச் சத்தம் கூடுகிறது. இன்னொருவர் கீயை அழுத்திய பிறகு விரலைப் பக்கவாட்டில் அசைக்கிறார். வீணைக் கம்பியை இழுத்த மாதிரி ஸ்வரம் வளைகிறது. மோதிரம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு கையைக் காற்றில் ஆட்டுகிறவர்கூட இருக்கிறார். எல்லோரும் காமிராவைப் பார்த்துத் தைரியமாகச் சிரிக்கிறார்கள்.

நானும் ஒன்று கண்டுபிடித்தேன். ஏற்காட்டில், பிளவுஸ் தைக்கிற கடைக்குள். அது மேடையேறியது ஒரே ஒரு தடவை.

நான் பத்தாவது வரை படித்தவள். கடைக்கு நாலு பேர் சேர்ந்து வந்தால், கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துவிடுகிற ஆள். அளவெடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டேன். ஊரில் பாதிப் பெண்களை எனக்குத் தோள் அளவை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கீபோர்டு என் மகளுக்காக வாங்கியது. அவள் படிக்கச் சேலம் ஹாஸ்டலுக்குப் போனபோது அதை விட்டுவிட்டுப் போனாள். தூசி துடைக்கப் போய்த் தொட்டேன். துடைத்துத் துடைத்தே ஒரு பாட்டு வந்துவிட்டது. அளவு சரிபார்க்கிற அறையின் திரைக்குப் பின்னால் வைத்து வாசிப்பேன். வெளியே நிற்கிறவர்கள் அதை ரேடியோ என்று நினைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி.

இதற்கு முன்பும் சில கண்டுபிடிப்புகள் உண்டு. எந்தக் கீ என்ன ஸ்வரம் என்று தெரிய, துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் கீகளின் மேல் கோடு போட்டேன். கோடு விரலுக்கு வந்தது. விரலிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணிக்குப் போனது. மழை மாதங்களில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், சில கீகள் ஊமையாகிவிடும். இங்கே துணிமணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது வழக்கம். அதையே கீபோர்டுப் பெட்டிக்குள்ளும் செய்தேன். கீகள் பேசத் தொடங்கின. பெட்டியின் ஒரு மூலை மட்டும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் பைக் ரிப்பேர் செய்கிற என் வீட்டுக்காரர் அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, பொரித்துச் சாப்பிடலாமா என்று கேட்டார்.

பெரிய கண்டுபிடிப்புக்குக் காரணம் ஓர் அக்கா. கொட்டச்சேட்டுப் பக்கம் காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தப் பக்கம் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவரைத்தான் பாடச் சொல்வார்கள். தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் ஆன பிறகு பாடுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சேலம். வரவேற்பில் அம்மா பாட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டிலும் அம்மாவின் பாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பிளவுஸ் அளவுக்கு வந்த அன்று அக்கா திரைக்குப் பின்னால் இருந்த கீபோர்டைப் பார்த்துவிட்டார். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பேசினார்.

“பாட்டு பாதியில கீழ எறங்கீருது அம்மிணி. எறங்கறது எனக்கே தெரியறதில்ல. கேக்கறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். இந்த ஒருக்கா பாடிப் பாக்கறேன். சபையில எறங்கிப் போச்சுன்னா, அதோட சரி. இனிமே வாயவே தொறக்க மாட்டேன்.”

முதலிலேயே சுருதிக் கட்டையைக் குறைத்து வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்க வெட்கமாக இருந்தது. நான் கேட்காமலே அவர் சொல்லிவிட்டார்: எப்போதும் பாடுகிற கட்டையில்தான் பாடுவேன், குறைத்தால் குரல் போய்விட்டது என்று ஊர் பேசும். ஆக, அவர் குரல் எந்த இடத்தில் இறங்குகிறதோ, அந்த இடத்தில் கீபோர்டும் சேர்ந்து இறங்கிவிட வேண்டும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் மொத்தச் சுருதியும் அரைக் கட்டை இறங்கும், விரல்கள் அதே கீகளில் வாசித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு இருப்பது இரண்டு கை. ஒன்றில் பாட்டு, ஒன்றில் பக்கவாத்தியம். பட்டனுக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது?

மூன்றாவது கை நான் தினமும் உட்காருகிற இடத்திலேயே இருந்தது. என்னுடையது பவர் மெஷின். தைக்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும். ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்க, மேஜைக்கு அடியில் ஒரு தகடு உண்டு. முழங்காலால் தள்ளினால் பாதம் எழும்பும். தையல் கோடு முடிந்ததும் முழங்கால் தள்ளும், துணியை உருவிக்கொள்வேன். அதே மாதிரித் தகட்டைக் கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து, அங்கிருந்து பட்டனுக்கு ஒரு பிரேக் கேபிளை இழுத்துவிட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பாட்டுக்குப் பிரேக்கு வெக்கச் சொல்றயா?”

“பிரேக்கு இல்லீங்க. எறங்கறதுக்கு.”

“எறங்கறப்பத்தான் புள்ள பிரேக்கே வேணும்.”

கேலி பேசினாலும் செய்துகொடுத்தார். பழைய ஸ்கூட்டரின் கேபிள், ஒரு சின்ன நெம்புகோல், அதன் நுனியில் பட்டனைக் காயப்படுத்தாமலிருக்க ரப்பர் புஷ். முழங்காலால் ஒரு தட்டு தட்டினால் ரப்பர் பட்டனை ஒரு தடவை கொத்திவிட்டு மேலே போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, பேட்டன்ட் வாங்கிக்கொள் என்றாள். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். பரிசு கொடுத்தால் மேடைக்கு என் வீட்டுக்காரரை அனுப்பிவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

எங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார். இரண்டாவது சரணத்தில் குரல் மெல்லச் சரிந்தது. முழங்காலால் ஒரு தட்டு. கீபோர்டு அவரோடு சேர்ந்துகொண்டது. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு எந்த இடத்தில் இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா சந்தோஷமாக, “நீ வாசிக்கறதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே வந்தர்றேன் அம்மிணி,” என்றார். நானும், “நீங்க எறங்குனா நானும் எறங்கிக்கறேனுங்க்கா,” என்றேன். நான் அவரைப் பிடித்துக்கொண்டு, அவர் என்னைப் பிடித்துக்கொண்டு போனால் நடுவில் வழி பார்க்கிறவர் யார் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வரவேற்பு நாளன்று மதியம் தாண்டியும் மெஷினில்தான் இருந்தேன். பெண் வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் பிளவுஸ் இறுக்கமாக இருந்தது, இல்லையென்றால் தொளதொளவென்று இருந்தது. பிரிப்பதும் தைப்பதும், முழங்காலைத் தள்ளுவதும் துணியை உருவுவதுமாக நேரம் போனது. சாயங்காலம் உள்ளூர் மண்டபத்துக்குப் போனால் மேடையில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் உட்கார்ந்தால் தகடு முழங்காலுக்கு எட்டவில்லை. வீட்டுக்காரர் பைக்கில் போய், கடையில் மெஷினுக்கு முன்னால் நான் உட்காருகிற ஸ்டூலையே தூக்கி வந்தார். என்ன புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குப் பின்னால், சபைக்கு என் கொண்டை மட்டும் தெரிகிற மாதிரி கீபோர்டைப் போட்டுக்கொண்டேன். அக்கா மைக்கைப் பிடித்தார். மகள் மாலையோடு நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரி நன்றாக வந்தது. பழைய அக்காவேதான். வரி முடிந்து அடுத்த வரி தொடங்கியபோது எல்லாம் கொஞ்சம் கீழே கேட்டது. அக்கா இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டாரே என்று பதறினேன். நான் அறியாமலே தட்டியிருப்பேன், நல்ல வேளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது வரி இன்னும் கீழே. அக்கா பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். மேடைக்குக் கீழே நின்றிருந்த என் வீட்டுக்காரர் கையை நீட்டி, பைக்கை நிறுத்தச் சொல்கிற மாதிரி உள்ளங்கையை அழுத்தி அழுத்திக் காட்டினார். பிரேக்கை அழுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றே ஒரு தடவை ஓங்கித் தட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வரி முடிந்தது. என்னைக் கேட்காமல் முழங்கால் போய்த் தகட்டைத் தள்ளியது. தையல் கோடு முடிந்துவிட்டது, துணியை எடுத்துக்கொள் என்று அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதே ஸ்டூல், இரண்டு கையும் முன்னால், பயத்தில் குனிந்த தலை. அதற்கு என்ன தெரியும், இது மெஷின் இல்லை என்று?

நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தால் விரல் தடுமாறியது. விரலைக் கவனித்தால் முழங்கால் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மகளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. அவர் வாயை மூடப்போவது என் முழங்கால்தான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரியையும் வாசித்தேன்.

அக்கா பாட்டை விடவில்லை. பாடியபடியே ஸ்பீக்கரைச் சுற்றி என் பக்கம் வந்தார். இடது கையை என் முழங்கால் மேல் வைத்து, துள்ளுகிற ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுருதி அங்கேயே நின்றது. ஒவ்வொரு வரி முடியும்போதும் முழங்கால் எழப் பார்த்தது, அவர் ஒவ்வொரு தடவையும் அழுத்தினார். இரண்டாவது சரணம் வந்தது. ஒத்திகையில் அவர் குரல் சரிந்த இடமும் வந்தது. சரியவில்லை. நாங்கள் வந்து நின்றிருந்தது அவர் எப்போதும் பாடாத ஆழத்தில். அங்கே அவருடைய தொண்டைக்கு எந்தச் சிரமமும் இல்லை. கனமான, கொஞ்சம் கரகரப்பான ஒரு குரல், கால் ஊன்றி நின்ற மாதிரி நின்றது. கடைசி வரியை அவர் என்னைப் பார்க்காமலே, என்னைப் பிடித்துக்கொள்ளாமலே பாடினார். என் முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் முன் வரிசையிலிருந்து கேட்டார்.

“ஏனுங்க, இது மலைப் பாட்டுங்களா? கொண்டை ஊசி வளைவாட்டம் திரும்பத் திரும்ப எறங்குதே.”

ஸ்பீக்கருக்குப் பின்னால் நான் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். அக்கா அசரவில்லை.

“ஆமாங்க. மேல இருந்து கீழ வந்துட்டோமில்லீங்க. இனி சமதரைதான். இன்னொண்ணு பாடட்டுங்களா?”

பாடினார். அதே ஆழத்தில், சரியாமல். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, காலைத் தகட்டுக்கு எட்டாமல் அந்தப் பக்கம் நீட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஸ்டூலில் ஒருக்களித்து உட்கார்ந்து, பஸ்ஸில் பாதி சீட் கிடைத்தவள் மாதிரி அந்தப் பாட்டை வாசித்து முடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, நிறுத்தச் சொல்கிறவர் நிறுத்து என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். கல்யாண வீட்டில் எழுந்து நின்று பெண்டாட்டியின் காலைப் பற்றிக் கத்த முடியுமா என்று அவர் கேட்டார். இரண்டு நாள் கழித்து அந்தக் கேபிளைக் கழற்றி, வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவரின் ஸ்கூட்டருக்குப் போட்டுவிட்டார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம். பேட்டன்ட் என்ன ஆயிற்று என்று மகள் கேட்கும்போதெல்லாம், வெள்ளக்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார்.

அக்கா இப்போது விசேஷ வீடுகளுக்கெல்லாம் போகிறார். அன்றைக்கு வந்து நின்ற கட்டைதான் அவருக்கு நிரந்தரக் கட்டை. குரல் போய்விட்டது என்று யாரும் பேசியதாகக் காதில் விழவில்லை. பேசியிருந்தாலும் அவர் அடுத்த பாட்டைத் தொடங்கியிருப்பார். வாசிக்க என்னையே கூப்பிடுகிறார். ஏன் என்று கேட்க எனக்கு இன்னும் வெட்கம்.

போன வாரம் தலைச்சோலையில் ஒரு காதுகுத்து. அக்கா உள்ளே வந்ததும் மைக்கைப் பார்க்கவில்லை, எனக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி.

“இது பரவால்ல அம்மிணி,” என்றார். தட்டினால் இறங்கக் கேபிளும் இல்லை. ஆனாலும் முதல் வரியைப் பாடி முடிக்கிறவரை என் முழங்கால் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.