குடைக்காரரும் நானும் எடுத்த சிட்டி

சந்தேகம் என் கூடப் பிறந்தது. மகளுக்குத் திருச்சூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். இவளுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கல்விக் கடன் கேட்கப் போனால் பேங்க் மேனேஜர் சிரித்துச் சிரித்துப் பேசினார். சிரிக்கிற பேங்க்காரரை நம்பலாமா? சொந்த வீடு உண்டா என்று அவர் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். கரமனையில் நாங்கள் இருப்பது வாடகை வீடு.

ஆனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பழவங்காடியில் பூஜை சாமான் கடைக்காரர் ஒருவர் சிட்டி நடத்துகிறார். நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரில் ஏலச்சீட்டு என்பதை இங்கே மலையாளத்தில் சிட்டி என்பார்கள். மாதாமாதம் எல்லோரும் போடும் பணத்தில் யார் அதிகம் தள்ளி, அதாவது குறைத்துக்கொண்டு, எடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்குத்தான் அந்த மாதச் சிட்டி. அவர் விட்டுக்கொடுத்ததை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். டியூஷன் எடுத்துக் கிடைத்த காசை நான் அதில்தான் கட்டி வந்தேன்.

இது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் பணம் நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போய்விடும். மனை வாங்கச் சேர்த்த பணம் முன்பு அப்படித்தான் போனது. இவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். சம்பளம் ஒழுங்காக வரும், அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் எனக்கு விளங்காது. மகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "அப்பாகிட்ட மூச்சு விடப்பிடாது மக்ளே" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினேன்.

அந்த வாரத்துக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நல்லவேளை, அந்த வாரம்தான் ஏலமும். கடைக்காரர் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஆரம்பித்தார். இரண்டு பேர் கேட்டுப் பார்த்து விலகினார்கள். கடைசியில் நானும், மடியில் குடையை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் மிஞ்சினோம். நான் தள்ள அவரும் தள்ள, நான் தள்ள அவரும் தள்ள. அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. சொந்தப் பணம் போகிறவர் இப்படியா இருப்பார்? கடைக்காரர் ஏற்பாடு செய்து உட்கார்த்திய ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.

"சாருக்கு அத்தனை அத்யாவசியமோ?" என்று கேட்டே விட்டேன்.

"எனக்கில்ல அம்மா. வேறொராளுக்கு வேண்டி வந்தேன்."

பார், வாயாலேயே சொல்லிவிட்டார் மனுஷன்! வந்த எரிச்சலில் ஒரேயடியாகப் பெரிய தொகையைத் தள்ளினேன். பெரியவர் எழுந்து ஒதுங்கிப் போய் போனில் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். மூன்று தரம் சொல்லிச் சிட்டி எனக்கு விழுந்தது. தள்ளியது போகக் கையில் வருவது காலேஜ் ஃபீஸுக்குச் சரியாகிவிடும், ஹாஸ்டலுக்குக் காணாது. குடைக்காரரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப் போயிருந்தது.

"பிள்ளைக்க ஃபீஸுக்குன்னு ஒரு சிட்டி கட்டிட்டு வந்தேன் கேட்டியா. ரிட்டயர்டான சாரு ஒருத்தரு பேருல. இன்னைக்கு அவரைத்தான் ஏலத்துக்கு அனுப்பினேன். எவளோ ஒருத்தி விடமாட்டேன்னு தள்ளி எடுத்துட்டுப் போயிட்டா, மூதேவி."



"அந்த சாரு குடை வச்சிருந்தாரா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, புரிந்ததும் சண்டை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான். "சொல்லியிருந்தா இந்நேரம் உன் தம்பி அதுல வண்டி வாங்கியிருப்பான்" என்று அவர். அண்ணன் கடையும் தம்பி வண்டியும் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்பா சிட்டி போடறது எனக்குத் தெரியும். அம்மா போடறதும் தெரியும். ரெண்டும் ஒரே சிட்டின்னுதான் தெரியாது. ரெண்டு பேருமே என் தலையில கை வச்சு, சொல்லாதேன்னீங்க." குரல் உடைந்துவிட்டது. "உங்களுக்குத் தம்மில் ஒருத்தருக்கொருத்தர் விசுவாசம் இல்ல. பின்னே என்னை மட்டும் எதுக்கு நம்பினீங்க?"



சிட்டிப் பணத்தை வாங்க, சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். மறுநாள் வீட்டுக்காரர்தான் வந்து எனக்காகக் கையெழுத்துப் போட்டார். மகளின் காலேஜ் சீட் கைவிட்டுப் போகாமல் தப்பியது. ஹாஸ்டலுக்காக என் வளையல்களைக் கழற்றி, அடகு வைத்துவிட்டு வாருங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்தேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து பணத்தை மேஜைமேல் வைத்தார். அடகு ரசீது எங்கே என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்கவில்லை.