பாயின் குரலில் கழித்த 128

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஷெட்டில் இன்று, ஸ்பீக்கரில் பாதுகாப்பு அறிவிப்பு சொல்லும் என் புரோகிராமுக்குச் சோதனை. பதிவான குரல், அங்கே சூப்பர்வைசராக இருக்கும் பழவேற்காட்டு பாயுடையது.

என் விண்டோஸ் லேப்டாப்பில் சுத்தமாகக் கேட்ட குரல், ஆலையின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் கர்ரென்று கத்தியது.

"இன்னா பாய், தொண்டைல கிரைண்டர் ஓடுதா?" என்று ஆட்கள் சிரித்தார்கள். பாய் முகம் சுண்டிப்போனது.

"மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா பொட்டிய எடுத்துக்கினு போயிடு தம்பி" என்றார் மேனேஜர்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். பாய் மூச்சுவிட நிறுத்தும் இடங்களில்தான் இரைச்சல் அதிகம். அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரில் ஒலி எண்களாகத்தான் பதிவாகிறது; இந்தப் பதிவில் அமைதிக்கு எண் 128. லினக்ஸுக்காக நான் எழுதிய பகுதியோ 0-வைத்தான் அமைதி என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 128-ஐக் கழிக்க ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

குரல் கணீரென்று வந்தது: "ஹெல்மெட் இல்லாம யாரும் ஷெட்டுக்குள்ள வராதீங்க!"

"அப்பாடா, இது என் கொரலுதான்" என்று பாய் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது.

ஆனால் மொத்த ஷெட்டும் என்னையே பார்த்தது. அங்கே வெறுந்தலையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

எழுதியவனையே வெளியே போகச் சொன்ன புரோகிராம் உங்களிடமும் இருக்கிறதா?