பொன்னுருக்கலுக்குப் பிறகு வந்த படம்

நீங்கள் என் தம்பியின் மேல் ஒரு சினிமாப் படத்தைப் பதிந்தீர்கள். தெரிந்துதான் பதிந்தீர்கள். உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அரியாலையில் எங்கள் சந்தியில் வீடியோக் கடை வைத்திருந்தவர் என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் போதும்.

உங்கள் கடை வருவதற்கு முன் எங்களுக்குப் படம் என்றால் அன்ரெனாதான். எண்பத்து மூன்றில் எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ரி.வி. இருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது வாங்கியது. இரும்புக் குழாய்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பூட்டி, ஓட்டுக்கு மேலே உயர்த்தி, கம்பி இழுத்துக் கட்டியிருந்தோம். கடலுக்கு அப்பால் இருந்து இந்திய ஒளிபரப்பு வெயில் காலத்தில் வரும். மாரியில் ஒன்றும் வராது. வெயில் காலத்திலும் காற்று கொஞ்சம் மாறினால் கதாநாயகனுக்கு நாலு தலை முளைக்கும். கிழமைக்கு ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. படம் தொடங்கும்போது அவன் கூரையில் ஏறுவான். படம் முடிந்துதான் இறங்குவான்.

"அக்கா, இப்ப தெரியுதோ?"

"ஆள் தெரியுது. சத்தம் இல்லை."

"அப்ப நான் இதிலை நிண்டு கத்தட்டே?"

"வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேற்காலை திருப்படா."

"திருப்பினால் இலவசமே? எனக்கு ஒரு முட்டைப் பொரியல் வேணும்."

ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் விறாந்தையில் இருந்து சிரிக்கும். அம்மா குசினியில் நின்றே முட்டையை உடைப்பார். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் ஓடிய படங்களில் ஒன்றைக் கூட என் தம்பி முழுதாகப் பார்த்திருக்க மாட்டான்.

பிறகு நீங்கள் கடை போட்டீர்கள். வீடியோ டெக்கையும் கசற்றையும் வாடகைக்குத் தந்தீர்கள். உங்கள் கசற்றுகளைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வேறு கடை இல்லாததால் ஒருவரும் சொல்லவில்லை. கொப்பியில் இருந்து கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில் இருந்து இன்னொரு கொப்பி எடுத்து, கடைசியில் எங்களிடம் வந்து சேரும் படத்தில் முகங்கள் எல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். கீழே ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் விளம்பரம் ஊர்ந்து கொண்டிருக்கும். நீளம் காணாத கசற்றில் பதிந்துவிட்டு முடிவை அப்படியே விட்டுவிடுவீர்கள். சண்டை தொடங்கும், திரையில் இரைச்சல் வரும், அவ்வளவுதான்.

அதைப் பற்றி ஒருநாள் நான் கடையில் வந்து கேட்டேன்.

"அண்ணை, முடிவு இல்லாமல் ஏன் படம் தாறியள்?"

"முடிவிலை என்ன தங்கச்சி இருக்கு? எல்லாப் படத்திலையும் கடைசியாப் பொலிஸ் வரும். வந்திட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு போய்ப் படுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வீட்டில் வந்து சொன்னபோது தம்பியும் சிரித்தான். அதற்குப் பிறகு முடிவு அறுந்த படங்களுக்கு அவன்தான் முடிவு சொல்வான். ரி.வி.க்கு முன்னால் எழும்பி நிற்பான். வில்லனை எங்கள் பக்கத்து வீட்டு மணியகாரரின் கிணற்றில் தள்ளுவான். கதாநாயகியை எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுப்பான். சில நாட்களில் படத்தை விட அதுதான் திறமாக இருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரியக்காவுக்குக் கலியாணம் நடந்தது. வீடியோ எடுக்க வந்தவர் நீங்கள். தோளில் கமராவை வைத்துக்கொண்டு, லைற் வயரை எங்கள் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு திரிந்தீர்கள். தாலிக்கான பொன்னுருக்கலில் இருந்து மாப்பிள்ளையின் கார் புறப்படும் வரைக்கும் ஒரே கசற்றில் பிடித்தீர்கள். அதை நாங்கள் அந்தக் கிழமையே போட்டுப் பார்த்தோம். தம்பி பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாழை இலைக் கட்டோடு வருகிறான். கமராவைக் கண்டதும் இலைக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கிறான். பிறகு இலையை மெல்ல இறக்கி எட்டிப் பார்த்து, "என்னை எடுத்துக் கசற்றைப் பழுதாக்காதேங்கோ அண்ணை, பொம்பிளையை எடுங்கோ" என்கிறான். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். அவ்வளவுதான். அதை மட்டும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். அவனுடைய குரல் பதிந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

கசற்றைத் தந்த அன்று நீங்கள் செய்ததையும் ஞாபகப்படுத்துகிறேன். கசற்றின் முதுகில், ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அது இருந்தால்தான் டெக் அதில் பதியும். நீங்கள் பேனாக்கத்தியால் அதைத் தெண்டி உடைத்து அம்மாவின் கையில் வைத்தீர்கள்.

"இனி ஆரும் இதுக்கு மேலை பதியேலாது அம்மா. நானே நினைச்சாலும் ஏலாது."

அம்மா அந்தத் துண்டைச் சாமியறையில் வைத்தார். ஏன் என்று கேட்காதீர்கள். வைத்தார்.

பெரியக்கா கலியாணம் முடிந்து கனடாவுக்குப் போனார். போனவுடன் தனக்கு ஒரு கொப்பி வேண்டும் என்றார். கசற்றை உங்களிடம் கொண்டு வந்து தந்தது நான். ஒரு கிழமையில் தருகிறேன் என்றீர்கள். அந்தக் கிழமைகளில்தான் சண்டை மறுபடி தொடங்கிக் கரண்ட் நின்றது. நின்றது நின்றதுதான், நான் அரியாலையில் இருந்த மிச்சக் காலம் முழுக்க வரவில்லை. மண்ணெண்ணெய்க்குச் சனம் வரிசையில் நின்றது. நீங்கள் ஜெனரேற்றர் வைத்து வீடு வீடாகப் படம் காட்டத் தொடங்கினீர்கள். எங்கள் கசற்றைக் கேட்டு வந்தபோதெல்லாம், "பத்திரமாக் கிடக்கு தங்கச்சி, கொப்பி எடுத்திட்டுத் தாறன்" என்றீர்கள். நான் நம்பினேன்.

அடுத்த வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, மருந்து இல்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைப் பற்றி வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதவில்லை. அவனுக்கு இருபது வயது.

செத்தவீட்டுக்கு நீங்களும் வந்தீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து நான் வந்து கேட்டதும் கசற்றை எடுத்துத் தந்தீர்கள். பெட்டியில் பெரியக்காவின் கலியாணம் என்று உங்கள் கையெழுத்து இருந்தது. "இதைப் போட்டு அவனைப் பாருங்கோ" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பார்க்க எங்களுக்கு வசதி இல்லை. டெக், ஜெனரேற்றர், மண்ணெண்ணெய் எல்லாம் சேர வேண்டும். அம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லை. சுவரில் அவனுடைய படம் மாலையோடு இருந்தது. "இது கதைக்காது பிள்ளை" என்பார். "அதிலை அவன் கதைக்கிறான், என்ன?" ஓம் அம்மா என்பேன். "பொம்பிளையை எடுங்கோ எண்டு சொல்லுறான், என்ன?" ஓம் அம்மா. ஒரு வருடம் இதே கேள்வி, இதே பதில்.

ஆண்டுத் திவசத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் வேறு ஊரில் இருந்து ஒருவர் டெக், ஜெனரேற்றர் சாமான்களோடு வந்தார். பொழுதுபட அவருக்கு வேறு வீட்டில் படம் ஓட்ட இருந்தது, அதனால்தான் மத்தியானம். யன்னல்களுக்குப் படுக்கைச் சீலைகளைக் கட்டி அறையை இருட்டாக்கினோம். ஜெனரேற்றர் சத்தம் கேட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து விட்டார்கள். மாதக்கணக்காக ரி.வி. வெளிச்சம் காணாத பிள்ளைகள். அவர்களைத் துரத்த மனம் வரவில்லை. அம்மா முன்னால் பாயில் இருந்தார். முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, விபூதி பூசியிருந்தார்.

பொன்னுருக்கல் வந்தது. பத்தர் தங்கத்தை உருக்குகிறார். பெரிய மாமா தேங்காய் உடைக்கிறார். அம்மா தன்னையே பார்த்து, "நான் எவ்வளவு மெலிவு" என்றார். பிறகு திரை ஒருக்கால் வெட்டியது. கொட்டை எழுத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கின. ஒருவன் மோட்டார் சைக்கிளில் மலைப்பாதையில் வருகிறான்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். படம் வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோசம்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை, கசற் மாறிப் போச்சு" என்றேன். சாமான் கொண்டு வந்தவர் கசற்றை வெளியே எடுத்துப் பார்த்தார். "இதுதான் தங்கச்சி. மேலாலை பதிஞ்சிருக்கினம்."

 வெளியே ஜெனரேற்றர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"போடுங்கோ தம்பி. சின்னனுகள் பாக்கட்டும்."

"அம்மா, வேண்டாம்."

"படம் முடிய அவன் வருவான் பிள்ளை. பொறு."

படம் முழுதையும் அம்மா பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் சிரித்த இடத்தில் சிரிக்கவில்லை, அழுத இடத்தில் அழவில்லை. யாரோ ஒருவர் வரப் போகும் தெருவைப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் எங்களுக்குத் தந்த அத்தனை படங்களிலும் முடிவோடு இருந்தது அது ஒன்றுதான். கடைசியில் பொலிஸ் வந்தது.

அதற்குப் பிறகு திரை மறுபடியும் வெட்டி, கலியாண வீட்டின் கடைசிக் கொஞ்சம் வந்தது. கார் போய்விட்டது. பந்தல் வெறுமையாக இருக்கிறது. யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரைகளை அடுக்குகிறான்.

"அந்தா," என்றார் அம்மா. "அந்தா அவன்."

அது தம்பி இல்லை. தம்பி அன்று முழுக்க வேட்டியோடு நின்றவன், திரையில் நின்றவன் காற்சட்டை போட்டிருந்தான். எனக்கும் தெரிந்தது, பக்கத்தில் இருந்த மாமிக்கும் தெரிந்தது.  அம்மா திருப்பிப் போடச் சொன்னார். சாமான் கொண்டு வந்தவர் திருப்பிப் போட்டார். மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் இழுத்து இழுத்து நிற்கும் வரைக்கும் அந்த முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

அடுத்த நாள் காலையில் சைக்கிளில் உங்கள் கடைக்கு வந்தேன்.

"மாறுபட்டுப் போச்சுப் போலை தங்கச்சி. எத்தினை கசற் இஞ்சை கிடக்கு."

கசற்றைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினேன். நீங்கள் கத்தியால் உடைத்த இடத்தில் சதுரமாக வெட்டிய செலோரேப் ஒட்டியிருந்தது. அந்த ஓட்டையை மூடினால்தான் டெக் மறுபடியும் பதியும். அது தானாக வந்து ஒட்டாது.

"உதிலை ரேப் ஒட்டினது ஆர்?"

நீங்கள் மேசையில் கிடந்த கசற்றுகளை அடுக்கினீர்கள். அடுக்கி முடித்தபின் சொன்னீர்கள்.

"புதுக் கசற் வாறேல்லை. சனம் படம் படம் எண்டு நிக்குது. அப்ப பெடியன் உயிரோடைதானே தங்கச்சி இருந்தவன். எனக்கு என்னண்டு தெரியும்?"

  உயிரோடு இருந்தவன்தான். அந்த நேரம் அவன் வீட்டில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்திருப்பான்.

"கொப்பி எடுத்தனீங்களோ? அழிக்க முதல்?"

"எடுத்தனான் எண்டுதான் நினைக்கிறன்."

"எங்கை அது?"

"பாக்கவேணும். நீங்கள் ஒரு கிழமைக்கு எந்தப் படம் வேணுமெண்டாலும் சும்மா கொண்டுபோய்ப் பாருங்கோ."

நான் கசற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகும் வந்தேன், பல தடவை. "பாக்கவேணும்" என்றீர்கள். ஒருநாள் வந்தபோது கடை பூட்டியிருந்தது. கொழும்பு போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டீர்கள் என்றார்கள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது நாங்களும் மழைக்குள் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தோம். அம்மாவின் பையில் இரண்டு சேலையும் அந்தக் கசற்றும் இருந்தன. பாரம் குறைக்க அதை விடச் சொன்னேன். "அவன்ரை முதுகாவது கிடக்கட்டும்" என்றார். அந்த மாரியிலேயே, யாரோ ஒருவருடைய வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா போய்விட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் நீங்களேதான். நான் இன்று இருக்கும் வீட்டில் மாதாமாதம் காசு கட்டி ஒரு படச் சனல் எடுத்திருக்கிறோம். போன மாதம் படத்தை நடுவில் நிறுத்திவிட்டு உங்களைக் காட்டினார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தீர்கள். "கரண்ட் இல்லாத காலத்திலையும் எங்கடை சனத்துக்கு நான் படம் காட்டினனான். என்னை நம்பித் தந்த ஒரு கசற்றும் பழுதாப் போகேல்லை" என்றீர்கள். எதிரே இருந்த பெண் கை தட்டினார். அன்று சீலை கட்டிய எங்கள் அறையில் பிள்ளைகள் கை தட்டியது எனக்குக் கேட்டது.

மன்னிப்பை நீங்களே வைத்திருங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அதே சனலுக்குப் போங்கள். அதே சோபாவில் இருந்து, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அந்த ரேப்பை ஒட்ட முன் எங்கள் கசற்றைக் கொப்பி எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அது யாரிடம், எந்த ஊரில் இருக்கிறது? "நினைக்கிறன்" என்று சொல்ல வேண்டாம். ஓம் என்று சொல்லுங்கள், அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.